பேச்சுக்கும் ஓர் அறை வேண்டும்

கண்பார்வை குறைந்த மாணவனை ஆசிரியர் முன்வரிசையில் இருத்துகிறார். கால் நோவுற்றவனை மாடிப்படி ஏற வேண்டாம் என்கிறார். காய்ச்சல் கண்டவனை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். ஆனால் நாத் தடுமாறும் மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் அவனுக்கு நிகழ்வது யாது? ஒருமுறை எழுந்து வாசிக்கிறான், வகுப்புச் சிரிக்கிறது, சிரித்தவர்களை ஆசிரியர் அதட்டி அடக்குகிறார். அதன்பின் அவனை வாசிக்கச் சொல்வதே இல்லை. இதனைக் கருணை என்றே பலரும் எண்ணுவர். அக்கருணையின் விளைவோ, பேசப் பழக வேண்டிய ஒருவன் பேசாதிருக்கப் பழகுவதேயாகும். பத்து ஆண்டு கழித்து, அவன் ‘மந்த புத்தி’ உடையவன் என்ற பெயரோடு பாடசாலையை விட்டு வெளியேறுகிறான். அவன் அறிவிலே குறை இல்லை. குறை நாவிலோ செவியிலோ இருந்தது. அதனைக் கண்டு திருத்த ஒருவரும் முன்வரவில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கு உதவுவதே பேச்சு மொழிச் சிகிச்சை. இது மந்திரமும் அன்று, மாத்திரையும் அன்று; பயிற்சியே. ‘ர’ கரத்தை ‘ல’ கரமாக ஒலிக்கும் பிள்ளைக்கும், சொல்லின் தொடக்கத்தில் திக்கும் பிள்ளைக்கும், செவிப்புலன் குன்றியதால் பேச்சுத் தெளியாத பிள்ளைக்கும், வயதுக்கு ஏற்ற சொல்வளம் வாய்க்காத பிள்ளைக்கும் இப்பயிற்சி வேறு வேறாக அமையும். ஆயின் எல்லார்க்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அது, தான் பேசுவதையும் பிறர் பேசுவதையும் தெளிவாகக் கேட்கவும் காணவும் கூடிய ஓர் இடம்.

இக்காலத்தில் பெற்றோரும் அதிபர்களும் இவ்விடயத்தை எடுத்தவுடன் கேட்கும் வினா, ‘எந்தக் கருவியை வாங்கலாம்?’ என்பதே. கருவிகளைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். கருவிக்கு முன்னே அறை வருகிறது என்பதே நாம் இவ்வாரம் எடுத்துரைக்க விழைவது.

ஒரு மண்டபத்தின் கதை

1895 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தினர் ஓர் இக்கட்டில் அகப்பட்டனர். அவர்கள் புதிதாய்க் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பார்வைக்கு அழகாயிருந்தது. ஆனால் அங்கே விரிவுரை கேட்க இயலவில்லை. ஒருவர் சொன்ன சொல் ஏறத்தாழ ஐந்தரை வினாடி வரை சுவர்களில் மோதி மோதி ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் மேலும் பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லிவிடுவார். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடியது.

இதனைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் கையாண்ட கருவிகள் மிக எளியன: ஓர் இசைக்குழல், நேரங்காட்டி ஒன்று, தம் செவி. பகலிலே சந்தடி மிகுதி. ஆதலின் ஊர் அடங்கிய இரவிலே அவர் ஆராய்ந்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை மாணவரின் துணையுடன் சுமந்து வந்து பரப்பி, குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் வரை நேரம் குறித்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அதிலிருந்து அவர் கண்ட விதி இன்றும் வழங்குகிறது: அறை பெரிதாக ஆக ஒலி நீடிக்கும், ஒலியை விழுங்கும் பொருள் மிகுதியாக ஆக ஒலி விரைவில் அடங்கும். விழுங்கும் ஆற்றலுக்கு அவர் அளவுகோலாகக் கொண்டது எதனை? திறந்த யன்னலையே. அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை அன்றோ!

இவ்விதியை மாணவ நேயர்கள் தாமே பிரயோகித்துப் பார்க்கலாம். அறையின் கன அளவை 0.161 ஆற் பெருக்கி, விழுங்கும் பரப்பின் அளவாற் பிரித்தால், ஒலி அடங்கும் நேரம் வினாடியில் வரும். நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உடைய ஒரு சிறு அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 36 கன மீற்றர். சுவர், தரை, கூரை யாவும் சேர்ந்த பரப்பு 66 சதுர மீற்றர். பூச்சுச் சுவரும் சீமெந்துத் தரையும் தம்மேற் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கையே விழுங்கும் என்று கொண்டால், மூடிய வெற்றறையில் ஒலி அடங்க நான்கு வினாடிக்கு மேலாகும். இதனை 0.6 வினாடியாகக் குறைக்க வேண்டின், ஒலியை முற்றாய் விழுங்கும் பரப்பு ஏறத்தாழப் பத்துச் சதுர மீற்றர் வேண்டும். 0.6 என்ற எண்ணை நாம் மனம்போனவாறு கூறவில்லை. அமெரிக்காவில் 2002 இல் வெளியான வகுப்பறை ஒலித் தர அளவு, நடுத்தர வகுப்பறைக்கு விதித்த மேல் எல்லை அதுவே. ஆளில்லாத அறையின் இரைச்சல் 35 டெசிபலை மீறலாகாது என்றும் அது விதித்தது. செவிப்புலன் குன்றிய பிள்ளைகள் பயிலும் அறைக்கு எதிரொலி இன்னும் குறைவாயிருத்தல் நன்று.

வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் மிகையாகத் தோன்றலாம். நாம் இரைச்சலிலும் பேச்சை விளங்கிக்கொள்கிறோம். காதில் விழாத எழுத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது. பிள்ளைக்கோ அச்சொல்லே புதிது. கேளாத எழுத்தை அது எதனைக் கொண்டு நிரப்பும்? ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள இரைச்சலினும் 15 டெசிபலாவது ஓங்கி நிற்றல் வேண்டும் என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கத்தார் கூறுவது இதனாலேயே.

நம் பாடசாலைகளில்

நம் நாட்டு வகுப்பறைகள் பல, காற்றோட்டம் கருதி அரைச்சுவரோடு அமைந்தவை. திறந்த வெளி மிகுதியாதலால் எதிரொலி குறைவு, இது நன்மை. ஆனால் அடுத்த வகுப்பின் வாய்ப்பாடும், மைதானத்தின் ஆரவாரமும், வீதியிற் செல்லும் வண்டியின் ஊதுகுழலும் தங்கு தடையின்றி உள்ளே வரும், இது தீமை. மாரி காலத்தில் தகரக் கூரைமேல் மழை கொட்டினால் ஆசிரியர் வாய் அசைவது மட்டுமே தெரியும். இரைச்சலைத் தடுக்கக் கதவையும் யன்னலையும் சாத்தினாலோ எதிரொலி எழும். வெக்கை தாங்காது மின்விசிறியைச் சுழலவிட்டால் அதன் ஓசை சேர்ந்துகொள்ளும். ஆகவே, வெளி இரைச்சல் குறைந்த ஓர் இடத்தை முதலிலே தெரிந்தெடுத்தல் வேண்டும். மணி தொங்கும் முகப்பிலும், தண்ணீர்க் குழாய்க்கு அருகிலும், வீதியோரத்திலும் இவ்வறை அமையலாகாது. மரநிழலில், கட்டடத்தின் கோடியில் உள்ள ஒரு சிறு அறையே சாலும்.

அடுத்து, உள்ளே ஒலியை விழுங்கும் பொருள்கள். விலையுயர்ந்த பலகைகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. தரைக்குத் தடித்த தும்புப் பாய். சுவருக்கு மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் கனத்த திரைச்சீலை. மென்பலகையாலான விளம்பரப் பலகைகள். நூல்கள் நிறைந்த அலுமாரி. இவை யாவும் ஒலியை விழுங்குவன. கதிரைக் கால்களுக்கு இறப்பர்க் குமிழ் பொருத்தினால் கிறீச்சென்னும் ஓசை ஒழியும். கதவின் அடியிலுள்ள இடைவெளியைத் துணித்திரணையால் அடைத்தால், தாழ்வாரத்துப் பேச்சின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

முகம் தெரிய வேண்டும்

செவிக்கு அடுத்தது கண். நம் தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்றார். இலக்கண வகுப்பிலே மனனஞ் செய்து மறந்துவிடும் இந்தப் பகுதிதான் பேச்சுச் சிகிச்சையின் அடிப்படை. ‘ப’, ‘ம’ என்பவற்றுக்கு இதழ் இரண்டும் பொருந்துவதைப் பிள்ளை கண்ணாற் காணலாம். ‘க’ பிறக்கும் இடமோ வாயின் உட்புறத்தில், அடிநாவும் அடியண்ணமும் சேருமிடத்தில் இருப்பதால் எளிதிற் புலப்படாது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றினையும் வேறுபடுத்துவதோ நாநுனி தொடும் இடமும் வளையும் விதமுமே.

ஆதலின் இவ்வறையில் ஒரு நல்ல கண்ணாடி இன்றியமையாதது. சிகிச்சையாளரும் பிள்ளையும் பக்கத்திற் பக்கமாக அமர்ந்து, இருவர் முகமும் அதிலே தெரியும்படி பிள்ளையின் உயரத்துக்கு அதனை மாட்ட வேண்டும். ஒளி சிகிச்சையாளரின் முகத்தில் விழுதல் வேண்டும். அவர் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தாரேயானால் அவர் முகம் கருநிழலாகும். பிள்ளை ஒளியைக் கண்டு கண்கூசுமேயன்றி உதட்டைக் காணாது. கதிரையிலிருக்கும் பிள்ளையின் பாதம் தரையிற் படிதல் வேண்டும். கால் அந்தரத்தில் தொங்க, உடல் சரிந்து இருக்கும் பிள்ளைக்கு மூச்சு நேராக வராது. மூச்சே பேச்சின் முதல். சுவரெங்கும் வண்ணப் படங்களை ஒட்டி அறையை அலங்கரிப்பதும் நன்றன்று. அன்றைய பாடத்துக்கு வேண்டிய படங்கள் மட்டுமே கண்ணெதிரில் இருப்பின் மனம் சிதறாது.

அறையும் இருக்கும் நிலையும் பேச்சுக்கு எவ்வளவு துணையாகும் என்பதற்கு அரசர் ஒருவரே சான்று. பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ் இளமைதொட்டுத் திக்குபவர். ஆஸ்திரேலியரான லயனல் லோக் என்பவரிடம் 1926 முதற் பயிற்சி பெற்றார். 1939 செப்ரெம்பர் 3 ஆம் நாள், போர் மூண்ட செய்தியைச் சாம்ராச்சியம் முழுதுக்கும் வானொலியில் அவர் அறிவிக்க நேர்ந்தது. பத்திரிகைகளில் வந்த படத்தில் அவர் மேசைமுன் அமர்ந்திருந்தார். உண்மையிலோ நின்றுகொண்டே பேசினார். நின்று பேசுவதே அவருக்கு எளிதாயிருந்தது. லோக் உடன் நின்றார். 2010 இல் வெளிவந்த ‘கிங்ஸ் ஸ்பீச்’ என்னும் திரைப்படத்தால் இக்கதையை இளைஞர் பலரும் அறிவர். மன்னருக்குக்கூட வேண்டியிருந்த வசதியை நம் ஆறாம் வகுப்பு மாணவனுக்குச் செய்து கொடுப்பதில் குறை யாது?

கருவிகள் செய்வதும் செய்யாததும்

இனிக் கருவிகள். தொலைபேசியே பேச்சுப் பயிற்சியோடு உறவுடையது என்றால் சிலர் வியப்பர். அதற்கு 1876 இல் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் கிரகம் பெல், செவிப்புலனற்றோரின் ஆசிரியராய் விளங்கியவர். அவர் தந்தையார், வாயுறுப்புகளின் நிலையைக் குறிகளால் எழுதிக் காட்டும் ‘காணும் பேச்சு’ என்னும் முறையை 1867 இல் வெளியிட்டவர். தாயார் செவிப்புலன் குன்றியவர். மனைவியார் சிறு வயதில் நோயினாற் செவிப்புலன் இழந்தவர். ஆயினும் பெல் சைகை மொழிக்கு எதிராக நின்றார். சைகை மொழியும் இலக்கணம் உடைய முழுமொழியே என்பதை இன்றைய மொழியியலார் ஏற்றுள்ளனர். நாவினாற் பேச இயலாத பிள்ளையின் கையையும் கட்டிவிடுதல் நியாயமாகாது என்ற பாடத்தை அவர் வரலாற்றிலிருந்தே நாம் கற்கலாம்.

இன்று வீடுதோறும் உள்ள கைத்தொலைபேசி ஒன்றே பல கருவிகளின் வேலையைச் செய்யும். முதலாவது, ஒலிப்பதிவு. தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, தன் பிழையைப் பிறர் சொல்லாமலே உணர்கிறது. மாதந்தோறும் ஒரே பந்தியை வாசிக்கச் செய்து பதிந்து வைத்தால் முன்னேற்றமும் புலனாகும். இரண்டாவது, தாழ்த்திக் கேட்டல். 1950 இல் பேர்னாட் லீ என்பவர் ஒலிநாடாக் கருவியைக் கொண்டு விந்தையொன்றைக் காட்டினார். ஒருவன் பேச்சை வினாடியில் ஐந்திலொரு பங்கு அளவு தாழ்த்தி அவன் காதிலேயே ஒலிக்கச் செய்தால், நன்றாகப் பேசுபவனும் நாக்குழறுகிறான். ஆனால் திக்குவோரிற் சிலர் அவ்வாறு கேட்கும்போது திக்காது பேசுகின்றனர்! அதனைச் செய்யும் செயலிகள் இன்று கைத்தொலைபேசியிலேயே உள்ளன. எல்லார்க்கும் அது பயன்தராது. பயன்தந்தோர்க்கும் அப்பயன் நிலைப்பது உறுதியன்று. ஆதலாற் சிகிச்சையாளரின் சொற்படியே அதனைக் கையாளல் வேண்டும்.

மூன்றாவது, செவிப்புலக் கருவி அணிந்த பிள்ளைக்கான ஒலிவாங்கி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் குரல் 6 டெசிபல் குறையும் என்பது பௌதிகம். ஆசிரியர் தம் சட்டையிலே ஒரு சிறு ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டால், அவர் குரல் கம்பியின்றிப் பிள்ளையின் செவிக் கருவியை நேராகச் சென்றடையும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் ஆசிரியர் அருகில் நின்று பேசுவது போலாகும். நான்காவது, படப் பலகை. சொல்ல இயலாத பிள்ளை ‘தண்ணீர்’, ‘வலி’, ‘வேண்டாம்’ என்பவற்றைப் படத்தைத் தொட்டுக் காட்டும். கையேட்டுக் கணினியானால் அதுவே குரல் கொடுக்கும். இவற்றைக் கொடுத்தால் பிள்ளை பேச முயலாது என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வுகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை.

எனினும் எச்சரிக்கை இரண்டு சொல்வோம். திரை எவ்வளவு வண்ணமாயினும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது. மனிதர் இருந்தே பேச்சுக் கற்பிக்க வேண்டும். மற்றது, பயிற்சிக்காகப் பதிந்த குரலையும் படத்தையும் ஒருபோதும் ஊருக்குப் பகிரலாகாது. பிள்ளையின் தடுமாற்றம் பிறரின் பொழுதுபோக்காகுமாயின், பல மாத முயற்சி ஒரு நாளிற் பாழாகும்.

பெயரும் இடமும்

அறையை அமைத்தபின் அதன் வாயிலில் ‘குறைபாடுடையோர் அறை’ என்று எழுதி வைப்போரும் உளர். அப்பலகையைத் தாண்டி உள்ளே செல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ‘பேச்சுக்கூடம்’ என்று பெயரிடுங்கள். நாவன்மைப் போட்டிக்கு ஆயத்தம் செய்வோரும், நாடகம் பயில்வோரும் அங்கே வந்து போகட்டும். பரிசு பெறும் பேச்சாளனும் திக்குகின்ற மாணவனும் ஒரே கதவால் நுழைந்தால், நுழைவதில் வெட்கம் இராது.

இவ்வறையிலிருந்து பயிற்றுவோர் எங்கே என்று கேட்பீர்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையிலே பேச்சு, செவிப்புல விஞ்ஞானத்தில் பட்டம் வழங்குகிறது. செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு இரத்மலானையில் 1912 இல் தொடங்கிய பாடசாலையும், வடக்கே கைதடியில் நஃபீல்ட் பாடசாலையும் நெடுங்காலமாகத் தொண்டாற்றி வந்துள்ளன. ஆயினும் தமிழிலே பயிற்சி தரவல்லோர் தேவைக்குப் போதாது. ‘ழ’ கரத்தைத் திருத்த ஆங்கிலத்தில் அமைந்த சோதனைத் தாள் உதவுமா? நம் உயர்தர வகுப்பு மாணவர், சிறப்பாக உயிரியல் கற்போர், இத்துறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயிலுநர்க்கும் அறையமைப்புத் துணைசெய்யும். பயிற்சி நிலையங்களில் ஒருபுறம் மட்டும் காட்டும் கண்ணாடி பதித்திருப்பர். ஒளி மிக்க சிகிச்சையறையை இருண்ட பக்கத்தறையிலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து இங்கே பார்க்க முடியாது. பிள்ளை கூச்சமின்றிப் பேச, மாணவர் இருந்து கற்பர். பெற்றோரின் சம்மதம் மட்டும் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். ‘போகப் போகச் சரிவரும்’ என்று பாட்டிமார் சொல்வது சில பிள்ளைகள் விடயத்தில் உண்மையே. ஆனால் இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை வைத்தியரிடம் காட்டி, முதலிலே செவியைச் சோதித்தல் வேண்டும். சோதித்துக் குறையில்லை என்று அறிந்தால் இழப்பு ஒன்றுமில்லை. சோதியாது விட்டால் இழப்பது பேச்சு மலரும் பருவத்தையே. திக்கும் பிள்ளையிடம் ‘ஆறுதலாய்ச் சொல்’ என்று கட்டளையிடாதீர். சொல்லை நீங்கள் முடித்தும் வைக்காதீர். கண்ணைப் பார்த்துக் காத்திருங்கள். வீட்டில் நாள்தோறும் பதினைந்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்து, பாய் விரித்த ஒரு மூலையில் ஒளியை நோக்கி இருந்து பிள்ளையோடு பேசினால், அதுவே உங்கள் வீட்டுப் பேச்சுக்கூடம்.

பழைய மாணவர் சங்கங்கள் தாம் கற்ற கல்லூரிக்கு நுழைவாயில் வளைவுகளும் சிலைகளும் அமைத்து மகிழ்கின்றன. அதனைக் குறைகூறோம். அடுத்த கொடையை எண்ணும்போது, கட்டடத்தின் கோடியில் உடைந்த வாங்குகள் அடுக்கிக் கிடக்கும் அந்தச் சிறு அறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாங்குகளை அகற்றி, தும்புப் பாயும் திரைச்சீலையும் கண்ணாடியும் இரண்டு கதிரைகளும் இட்டு, வாரத்தில் ஒருநாள் சிகிச்சையாளர் ஒருவர் வர வழி செய்தால், வகுப்பில் எழுந்து நிற்க அஞ்சிய பிள்ளை தன் பெயரைத் தானே தெளிவாகச் சொல்லும் நாள் வரும். வளைவிற் பொறித்த பெயரினும் அப்பெயர் நெடுநாள் ஒலிக்கும்.